மலைக்கும் கடலுக்கும் நடுவே தொம்மலூர்

சொகுசு ஹோட்டல்களின் விளம்பரங்களில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் கடல். பால்கனிக்குப் போனால் மலை. இரண்டும் ஒரே இடத்தில் வாய்த்துவிட்டால் வாடகையைக் கேட்கவே வேண்டாம். பெங்களூரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் தொம்மலூருக்கு இந்த இரண்டு அதிர்ஷ்டமும் கிடையாது. வங்கக் கடல் ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பெயர் சொல்லும்படியான மலை என்றால் சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் நந்தி மலைதான். வெள்ளிக்கிழமை மாலையில் கிளம்பினால் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே பொழுது போய்விடும்.

ஆனாலும் தொம்மலூரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் விலையுயர்ந்த ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. வாசலில் பித்தளை உருளியில் பூ மிதக்கும். உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த துவாலையும் ஒரு டம்ளர் இளநீரும் வரும். அறையில் தேக்கு மேஜை, கைத்தறி விரிப்பு, பழைய பெங்களூரின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. குளியலறை மட்டுமே நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தைவிடப் பெரிதாக இருக்கும். தலைக்கு மேலே அகலமான தட்டு போன்ற ஷவர். குழாயைத் திருகினால் ஆடி மழைபோல் தண்ணீர் கொட்டும். சில அறைகளின் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி விரிந்து கிடக்கிறது.

இந்த வகை விடுதிகளுக்கு 'பூட்டிக் ஹோட்டல்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'பூட்டிக்' என்றால் கடை. 1978இல் லண்டனில் திறக்கப்பட்ட பிளேக்ஸ், 1984இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட மார்கன்ஸ் ஆகிய இரண்டையும் இந்த வம்சத்தின் மூதாதையர் என்று சொல்வார்கள். நூற்றுக்கணக்கான அறைகளை ஒரே அச்சில் வார்த்து அடுக்கிய பெரிய ஹோட்டல்களில் அலுத்துப்போனவர்களுக்காக இவை வந்தன. அறைகள் குறைவு; ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி முகம். ஆயத்த ஆடைக் கடையில் வாங்கிய சட்டைக்கும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். இந்தியாவில் பழைய அரண்மனைகளும் துரைமார் பங்களாக்களும் புதுச்சேரியின் பிரெஞ்சு வீடுகளும் இந்த வகைக்கு வசதியாகக் கிடைத்தன.

தொம்மலூரில் அரண்மனையும் இல்லை, துரை பங்களாவும் இல்லை. ஹோட்டல்கள் இங்கே வந்ததற்குக் காரணம் வேறு. பெங்களூரின் விமான நிலையம் 2008 மே மாதம் வரை பக்கத்திலேயே, எச்.ஏ.எல். வளாகத்தில் இயங்கியது. தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தபின் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. 'பழைய விமான நிலையச் சாலை' என்ற பெயர் மட்டும் நின்றது. விமானம் போனாலும் விருந்தாளிகள் போகவில்லை. அதற்குள் சாலையின் இரு பக்கமும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பத்து நாள், பதினைந்து நாள் வேலையாக வருகிறவர்கள்தான் இங்கே பெரும்பாலும் தங்குகிறார்கள். அவர்களுக்கு ஊர் சுற்ற நேரமில்லை. ஊரின் அழகை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னலில் தெரியும் அந்தப் பச்சை ஒரு கோல்ஃப் மைதானம். கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் 18 குழி மைதானம். சீராக வெட்டிய புல், நடுநடுவே மணல் பள்ளங்கள், சின்னச் சின்னக் குட்டைகள். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அது தூரத்துப் பச்சைதான். பார்க்கக் குளுமையாக இருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் இதைவிடக் குளுமையாக இருந்தது. அப்போது அதன் பெயர் சல்லகட்டா ஏரி.

பெங்களூரில் ஏரி என்ன ஆகும் என்பதற்கு நீண்ட பட்டியல் உண்டு. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டு அரங்கமானது. கோரமங்களா ஏரி தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான குடியிருப்பானது. தொம்மலூருக்கென்று இருந்த ஏரியும் வீட்டுமனைகளாகிவிட்டது. இந்த ஏரிகள் யாவும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சங்கிலிபோல் கோத்து அமைக்கப்பட்டவை. ஒன்று நிரம்பினால் உபரி நீர் வாய்க்கால் வழியே அடுத்ததற்குப் போகும். கன்னடத்தில் அந்தப் பெருவாய்க்காலுக்கு 'ராஜகாலுவே' என்று பெயர். இன்று பெயரில் மட்டும்தான் ராஜா, ஓடுவது சாக்கடை.

ஹோட்டலிலிருந்து பழைய தொம்மலூர் வெகுதூரமில்லை. மேம்பாலத்தின் இரைச்சலை விட்டு ஒரு குறுகலான தெருவில் திரும்பினால் ஊர் சட்டென்று சிறுத்துவிடுகிறது. சைக்கிள் கடை, பூக்கடை, இட்லி மாவு விற்கும் பெட்டிக்கடை. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் தெரு. அங்கே சற்று மேடான இடத்தில் சொக்கநாதசுவாமி கோயில் நிற்கிறது. பெயரைக் கேட்டு மதுரை ஞாபகத்தில் சிவனைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். உள்ளே இருப்பவர் விஷ்ணு, சொக்கப் பெருமாள்.

பெங்களூரின் மிகப் பழைய கோயில்களில் ஒன்றான இதன் கற்களில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் கோயில் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்று ஒரு கணவனும் மனைவியும் கோயிலுக்கு விட்ட நிலங்களைச் சொல்கிறது. அதில் விண்ணமங்கலம் என்ற ஏரியின் பெயரும் வருகிறது. கெம்பெ கவுடா பெங்களூர்க் கோட்டையைக் கட்டியதாகச் சொல்லப்படும் 1537ஆம் ஆண்டுக்கு இரண்டரை நூற்றாண்டு முந்திய செய்தி இது. பெருநகர் பிறப்பதற்கு முன்பே இந்த ஊர் இருந்தது. அப்போதே அதற்கு ஏரி இருந்தது. ஏரியை நம்பி நிலமும், நிலத்தை நம்பிக் கோயிலும் இருந்தன.

கல்வெட்டுகளில் இந்த ஊருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரும் உண்டு. 'தேசி' என்பது ஊர் ஊராகப் போய் வாணிபம் செய்த வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் சொல். 'பட்டணம்' என்பது சந்தை கூடும் ஊர். வெளியூர்க்காரர்கள் தொம்மலூருக்கு வேலையாக வந்து போவது கம்ப்யூட்டர் காலத்துப் பழக்கம் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வணிகர்களுக்கு முதல் தேவை, மாட்டுக்கும் மனிதனுக்கும் தண்ணீர். அது கண்ணுக்கு எதிரே ஏரியில் இருந்தது.

இன்றைய விருந்தாளிக்கும் முதல் தேவை தண்ணீர்தான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. தமிழ் இலக்கணக்காரர்கள் நிலத்தைப் பிரித்த முறையில் சொன்னால், ஏரியும் வயலுமாக இருந்த தொம்மலூர் மருத நிலம். குறிஞ்சியும் நெய்தலும் அதற்குச் சொந்தமில்லை. ஆனால் குளியலறைக் குழாயைத் திறக்கிற கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. மலை ஒரு குழாய் வழியாக அறைக்குள் வருகிறது. அறையிலிருந்து இன்னொரு குழாய் கடலை நோக்கிப் போகிறது.

வரும் குழாயை முதலில் பார்க்கலாம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, மாண்டியா மாவட்டத்தில் சிவனசமுத்திரத்தை நெருங்கும் இடத்தில் பெங்களூருக்கான தண்ணீர் எடுக்கப்படுகிறது. தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய இடங்களில் மறுபடி மறுபடி மேலே தள்ளப்படுகிறது. தூரம் சுமார் 100 கி.மீ. ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 500 மீட்டர். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஆறு பள்ளத்தில் ஓட, ஊர் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு பம்புகளின் மின்சாரத்துக்கே போய்விடுகிறது.

காவிரி இந்த ஊருக்கு வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. 1890களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் நகரம் தண்ணீர் குடித்தது. காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் 1974இல் வந்தது. நான்கு கட்டங்கள் முடிந்தபோது நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டம் இன்னும் 77.5 கோடி லிட்டருக்கானது. அது நகரோடு பின்னால் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களை மனதில் வைத்துத் தீட்டப்பட்டது.

அந்த அக்டோபருக்கு முந்திய கோடையில் பெங்களூர் பட்ட பாடு நாடறிந்தது. அரசுக்குச் சொந்தமான சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய 6,900 வற்றிவிட்டதாக 2024 மார்ச்சில் கர்நாடகத் துணை முதல்வர் அறிவித்தார். கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் நீரூற்றுகளுக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். நீச்சல் குளத்துக்கும் தடை வந்தது. ஹோட்டல்களும் வணிக வளாகங்களும் குழாய்களில் நீரைக் குறைத்துக் காற்றைக் கலக்கும் சிறு கருவியைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆடி மழை ஷவர்களுக்கு அது சோதனையான மாதம். டாங்கர் லாரி என்ற சொல்லைக் கேட்டிராத விருந்தாளிகளும் அப்போது கேட்டுக்கொண்டார்கள்.

காவிரி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வேறு நினைவுகள் வரும். 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. இரண்டு தடவையும் காரணம் இந்த ஆறுதான். அதே காவிரியைத்தான் தொம்மலூரிலும் அல்சூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் தங்கள் தெருக்குழாயில் பிடிக்கிறார்கள். தஞ்சாவூர் வயலுக்கும் அவர்கள் வீட்டுக் குடத்துக்கும் ஒரே கணக்கிலிருந்துதான் பங்கு.

அந்தக் கணக்கில் தொம்மலூருக்கு ஒரு விசேஷமான இடம் உண்டு. பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்த ஊர். மேட்டுக்கு மேற்கே விழும் மழை அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழும் மழை வேறு ஆற்றுக்குப் போகும். 2007இல் இறுதித் தீர்ப்பளித்த காவிரி நடுவர் மன்றம், நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று சொல்லி அதற்கேற்பவே குடிநீரை ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. நகரம் முழுவதற்கும் குடிநீர் தேவை என்று சொல்லி பெங்களூருக்குக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. வழங்கியது. தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. தொம்மலூர் இருப்பது மேட்டின் கிழக்குப் பக்கத்தில். அதாவது, ஒரு ஆற்றின் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு ஆற்றில் விடும் பகுதியில்.

அந்த இன்னொரு ஆறும் தமிழர்களுக்கு அந்நியமானது அல்ல. கன்னட நாட்டில் அதற்கு தட்சிண பினாகினி என்று பெயர். தமிழ்நாட்டில் தென்பெண்ணை.

ஹோட்டல் குளியலறையின் வாயில் மூடியில் சுழன்று இறங்கும் தண்ணீரின் பாதை இதுதான்: தொம்மலூரிலிருந்து சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர் ஏரி. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அங்கிருந்து தென்பெண்ணை. பெல்லந்தூர் பெங்களூரின் மிகப் பெரிய ஏரி. சுமார் 900 ஏக்கர். நகரத்தின் கழிவுநீரில் ஏறக்குறைய 40 சதவீதம் இதில் வந்து சேர்வதாகக் கணக்கிட்டார்கள். சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தாலும் அவற்றுக்குள் போகாமலே வந்து விழுந்த சாக்கடை ஏராளம். சோப்புத் தூளும் ஷாம்புவும் கலந்த அந்த நீர், மதகில் விழும்போது ஆளுயரத்துக்கு நுரைத்தது. காற்றடித்தால் நுரை சாலைக்குப் பறந்து வந்து மோட்டார் சைக்கிள்காரர்களின் மீது உட்கார்ந்தது.

பிறகு ஏரி தீப்பிடித்தது. தண்ணீர் எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் 2015 மே மாதம் நுரை எரிந்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி புகை எழுந்தது. 2018 ஜனவரியில் ஏரிக்குள் மண்டியிருந்த செடிகொடிகளில் பற்றிய தீயை அணைக்க ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் தூர்வாரும் வேலை தொடங்கியது.

ஏரிகள் தங்கள் பங்குக்கு ஒரு தடவை பதிலும் சொல்லிவிட்டன. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெய்த மழையில் பெல்லந்தூரைச் சுற்றிய சாலைகள் வாய்க்கால்களாயின. கோடிக்கணக்கில் விலைபோகும் வில்லாக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. கம்பெனி அதிகாரிகள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்கள் உலகம் முழுவதும் அச்சாயின. வீட்டை விட்டுக் கிளம்பிய பணக்காரக் குடும்பங்கள் நேராகப் போய் இறங்கிய இடங்களில் பழைய விமான நிலையச் சாலையின் ஹோட்டல்களும் உண்டு. அறை கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு என்று பத்திரிகைகள் எழுதின. ஏரி இருந்த இடத்தை எதிர்பார்த்து நிற்கும் அறைகளில், ஏரி துரத்திய குடும்பங்கள் தங்கின.

நுரை பெங்களூர் எல்லையோடு நின்றுவிடவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நுழையும் தென்பெண்ணையை ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை முதலில் பிடித்து நிறுத்துகிறது. மழைக்காலத்தில் மதகுகள் திறக்கும்போது அங்கே வெண்பனிபோல் நுரை எழும்பி நிற்கும் படம் ஆண்டுதோறும் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பக்கத்தில் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்கிறது. மாநிலங்களுக்கு இடையே பேசும்போது தண்ணீர் வரவில்லை என்பது ஒரு வழக்கு. வருகிற தண்ணீர் இப்படி வருகிறது என்பது இன்னொரு வழக்கு. காவிரியைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் நூற்றில் ஒரு பங்குகூடத் தென்பெண்ணையின் நுரைக்குக் கிடைத்திருக்காது.

ஆறு மேலும் போகிறது. கிருஷ்ணகிரி அணை; பின்பு திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டு, கரையோர ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. அதற்கும் கீழே திருக்கோவிலூர். அங்கே ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்கு கபிலர் குன்று என்று பெயர். பாரியின் பறம்பு மலை வீழ்ந்தபின் கபிலர் உயிர்விட்ட இடம் அது என்பது மரபு. குறிஞ்சி பாடுவதில் நிகரற்றவர் என்று பெயர்பெற்ற புலவருக்கு, கடைசி இடம் மலை அல்ல, பெண்ணையாறு. அந்தப் பாறையை இன்று தொட்டுக்கொண்டு போகும் நீரில் ஒரு துளியாவது பெங்களூரின் குளியலறைகளிலிருந்து வந்தது. கடைசியில் கடலூருக்கு வடக்கே தாழங்குடா அருகில் ஆறு கடலில் கலக்கிறது.

ஆக, தொம்மலூர் ஹோட்டலுக்கும் மலை உண்டு, கடலும் உண்டு. குடகு மலையிலிருந்து கிளம்பிய தண்ணீர் அறைக்குள் சில நிமிடம் தங்கிவிட்டுக் கடலூர்க் கரைக்குப் போகிறது. விருந்தாளி மூன்று நாள் தங்குகிறார். தண்ணீர் ஒரு குளியல் நேரம்தான் தங்குகிறது. அவர் விட்டுச்செல்வதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் அதைக் கட்டுகிறவர் அவரல்ல. கெலவரப்பள்ளியில் நாற்று நடுகிறவர்.

நிலைமையை மாற்ற எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2018 முதல் கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, வறண்டு கிடந்த கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்பு செய்கிறார்கள். திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது. கிணறுகளில் மட்டம் ஏறியிருக்கிறது. குடிக்க அல்ல, நிலத்தடியில் ஊறுவதற்கு மட்டும் என்பது ஏற்பாடு. சுத்திகரிப்பு போதுமா என்ற விவாதமும் கூடவே நடக்கிறது. எப்படியிருந்தாலும், தொம்மலூர்க் குளியலின் ஒரு பகுதி இப்போது கடலுக்குப் போகாமல் கோலார் ஏரியில் நிற்கிறது என்றால் அது சின்ன விஷயம் அல்ல.

ஹோட்டல் தரப்பில் இதற்குச் சாட்சி குளியலறையில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன அட்டை. உலகெங்கும் ஒரே வாசகம்தான். துவாலையைத் தரையில் போட்டால் மாற்றிக் கொடுப்போம், கொக்கியில் மாட்டினால் நீங்கள் மறுபடி பயன்படுத்துவதாக எடுத்துக்கொள்வோம், பூமியைக் காப்போம். பூமி என்றால் எந்த பூமி என்று அட்டை சொல்வதில்லை. யாரோ துருவக் கரடிக்காகச் சொல்வதுபோல் இருக்கும். உண்மையில் துவாலை துவைத்த சோப்புத் தண்ணீர் போகும் ஊர்களின் பெயரை வரிசையாக எழுதினாலே போதும்: பெல்லந்தூர், வர்த்தூர், ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், கடலூர். தங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர்களில் ஒன்றிலாவது உறவினர் இருப்பார்கள்.

வார இறுதியில் தொம்மலூர் காலியாகிறது. இங்கே வேலை செய்கிறவர்கள் மலையையும் கடலையும் தேடிக் கிளம்புகிறார்கள். ஒரு கூட்டம் விடிவதற்கு முன்பே நந்தி மலைக்குப் போகிறது. 1,478 மீட்டர் உயரத்தில் மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் படம் பிடிக்கிறது. தென்பெண்ணை பிறப்பது அந்த மலைத்தொடரில்தான். இன்னொரு கூட்டம் இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குப் போகிறது. மஞ்சள் சுவர், மர ஜன்னல், முற்றத்தில் காகிதப்பூக் கொடி என்று அங்கேயும் ஒரு பூட்டிக் ஹோட்டல் காத்திருக்கிறது. காலையில் கடற்கரைச் சாலையில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். ஊரில் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தெற்கே போனால் தாழங்குடா. மீன்பிடிப் படகுகளும் வலைகளும் மணல் திட்டும் பெண்ணையாற்றின் முகத்துவாரமும் அங்கே இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் கடலுக்குள் நெடுந்தூரம் போவது தெரியும். கோடையில் மணல் வழியை அடைத்துக்கொள்ள, ஆறு தயங்கி நிற்கும். பார்வையாளர் கட்டணம் கிடையாது. வரவேற்க இளநீரும் கிடையாது. புதுச்சேரி வரை போகிற தொம்மலூர்க்காரர்கள் அரை நாள் ஒதுக்கி அதையும் பார்த்துவிட்டு வரலாம். அவர்கள் ஊரிலிருந்து கிளம்பிய தண்ணீர் அவர்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருக்கும்.